பறக்கும் யானைக் கன்று



ஒரு காட்சியை உங்கள் மனக்கண் முன் நிறுத்தி, அதிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

நல்ல இரவு நேரம். சர்க்கஸ் கூடாரங்கள் ஓய்ந்து கிடக்கின்றன. ஒரு மூலையில் தனித்து நிற்கிறது ஒரு கூண்டு வண்டி. அதனுள்ளே தாய் யானை ஒன்று அடைபட்டிருக்கிறது. மதம் பிடித்த விலங்கு, நெருங்காதீர்கள் என்று எழுதி வெளியே தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த வண்டியின் கீழே வந்து நிற்கிறது அதன் சின்னஞ்சிறு கன்று. தாய் எழுந்து வர முயல்கிறாள். காலிற் பூட்டிய சங்கிலி அவளைச் சன்னலருகே வரவொட்டாமல் இழுக்கிறது. முகத்தோடு முகம் சேர்க்க வழியில்லை. துதிக்கை ஒன்றுதான் கம்பிகளுக்கிடையே வெளியே நீள்கிறது. அது கன்றின் தலையைத் தடவுகிறது, கண்ணீரைத் துடைக்கிறது, பின்னர் வளைந்து தொட்டிலாகி, கன்றைத் தாங்கி மெல்ல ஆட்டுகிறது. பின்னணியில் ஒரு தாலாட்டு ஒலிக்கிறது. தாயும் பேசவில்லை, கன்றும் பேசவில்லை.

இக்காட்சியைக் கண்ட எவரும் கல்லாய் இருந்ததில்லை. இத்தனைக்கும் அங்கே உயிருள்ள யானை ஏதும் இல்லை. எல்லாம் கோடும் வண்ணமும்தாம். 1941ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான 'டம்போ' என்னும் சித்திரப் படத்தில் வருவது இக்காட்சி. வால்ட் டிஸ்னியின் நிறுவனம் எடுத்த நான்காவது முழுநீளச் சித்திரப் படம் அது. குழந்தைகளும் பெற்றோரும் ஒருங்கே அமர்ந்து பார்ப்பதற்கென்று எடுக்கப்பெற்ற அந்தப் படத்தின் அழகுகளையும் குறைகளையும் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க வந்திருக்கிறேன்.

அழகைச் சொல்லுவது எளிது. குறையைச் சொல்லுவதும் எளிது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு கலைப்பொருளைப் பார்ப்பதுதான் அரிது. அந்தப் பயிற்சிக்கு இப்படத்தைக் காட்டிலும் நல்ல பாடம் எளிதிற் கிடைக்காது. ஏனெனில், உருவத்தைக் கண்டு எவரையும் ஏளனம் செய்யாதே என்று சொல்ல வந்த இந்தப் படம், தானே சிலரை உருவத்தைக் கொண்டு ஏளனம் செய்துவிட்டது.

முதலில் படம் பிறந்த கதையைப் பார்ப்போம். 1937ஆம் ஆண்டில் வெளிவந்த 'பனிவெண்மையும் ஏழு குள்ளர்களும்' என்ற சித்திரப் படம் டிஸ்னிக்குப் பெரும் புகழையும் பொருளையும் ஈட்டித் தந்தது. அந்த ஊக்கத்தில் அவர் கலிபோர்னியாவின் பர்பாங்க் என்னும் இடத்தில் புதிய கலைக்கூடமே கட்டினார். 1940ஆம் ஆண்டில் 'பினோக்கியோ', 'பேண்டசியா' என்று இரு பெரும் படங்களை வெளியிட்டார். ஆனால் அதற்குள் ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. அங்கிருந்து வரவேண்டிய வருவாய் நின்றது. இரு படங்களும் நட்டத்தில் முடிந்தன.

இந்த நிலையில்தான் சிக்கனமாக ஒரு படம் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஏற்பட்டது. ஹெலன் அபர்சன், ஹரால்ட் பேர்ல் என்ற இருவர் குழந்தைகளுக்காக எழுதிய ஒரு சிறுகதை கைக்குக் கிடைத்தது. ஜோ கிராண்ட், டிக் ஹியூமர் என்போர் அதைத் திரைக்கதையாக விரித்தனர். பென் ஷார்ப்ஸ்டீன் இயக்கத்தை மேற்பார்த்தார். 'பினோக்கியோ'வுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் செலவாகியிருக்க, 'டம்போ' 10 லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் முடிந்தது. ஓடும் நேரம் 64 நிமிடங்களே. வறுமையிற் பிறந்த பிள்ளை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையே குடும்பத்துக்குக் கைகொடுத்தது; முந்தைய ஆண்டுப் படங்கள் தராத இலாபத்தை இது தந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். குழந்தைகளை நாரை கொண்டுவந்து தருகிறது என்று மேனாட்டார் சிறுவர்க்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. புளோரிடாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஒரு சர்க்கஸ் குழுவின் விலங்குகளுக்கு நாரைகள் குட்டிகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஜம்போ அம்மாள் என்ற பிடிக்கு மட்டும் கன்று வரவில்லை. அவள் வானத்தையே பார்த்துக் காத்திருக்கிறாள். பிறகு ஓடும் ரயிலில் அவளுக்கும் ஒரு கன்று வந்து சேர்கிறது. அதற்கு 'இளைய ஜம்போ' என்று பெயரிடுகிறாள். படம் முழுவதிலும் அந்தத் தாய் வாய் திறந்து பேசுவது அப்பொழுது ஒருமுறைதான்.

கன்று ஒரு தும்மல் போடுகிறது. மடிந்திருந்த காதுகள் விரிகின்றன. கன்றின் உடலையே போர்த்தக்கூடிய பேரளவுக் காதுகள்! உடனிருந்த பிடிகள் நகைக்கின்றன. 'டம்போ' என்று பட்டப்பெயர் சூட்டுகின்றன. மந்தன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஜம்போவோடு எதுகையாக்கிக் கட்டிய பெயர் அது. 'ஜம்போ' என்பது 1882ஆம் ஆண்டில் லண்டன் விலங்குக் காட்சிசாலையிலிருந்து அமெரிக்க சர்க்கஸ் ஒன்றுக்கு விற்கப்பட்டு உலகப் புகழ் பெற்ற ஓர் உண்மையான யானையின் பெயர். அப்பெருமைக்குரிய பெயரைப் பறித்துக்கொண்டு ஓர் இழிபெயரைக் கொடுத்துவிட்டார்கள். தாய் மட்டும் அந்தக் காதுகளையே போர்வையாக்கிக் கன்றைச் சுற்றித் தூங்கவைக்கிறாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்களே, அதைத்தான் அங்கே காண்கிறோம்.

சர்க்கஸ் பார்க்க வந்த சிறுவன் ஒருவன் கன்றின் காதைப் பிடித்து இழுத்துப் பரிகசிக்கிறான். தாய் பொறுக்கவில்லை, அவனைத் தண்டிக்கிறாள், தடுக்க வந்தவர்களைத் தூக்கி எறிகிறாள். மதம் பிடித்தவள் என்று அவளைக் கூண்டில் அடைக்கிறார்கள். கன்று தனித்துவிடுகிறது. சுண்டெலி ஒன்று அதற்குத் துணையாகிறது, பெயர் திமோத்தி. யானைகள் ஏறி நிற்கும் கோபுர வித்தையில் கன்று தன் காதே காலில் தட்டி விழ, கூடாரமே சரிகிறது. அதன்பின் கோமாளிகளிடம் விடப்படுகிறது. எரியும் வீட்டின் உச்சியிலிருந்து குழைந்த மாவிற் குதித்து ஊரைச் சிரிக்கவைக்க வேண்டும். அதுதான் கன்றுக்கு வேலை. ஓர் இரவு, மது கலந்த நீரைத் தெரியாமற் பருகிவிட்டு, விடியலிற் கண் விழித்தால் எலியும் கன்றும் உயர்ந்த மரக்கிளையின்மேல் இருக்கின்றன. எப்படி ஏறின? காதுகளை வீசிப் பறந்துதான் ஏறியிருக்க வேண்டும்! அங்கிருந்த காகங்கள் ஓர் இறகைக் கொடுத்து, இது மாய இறகு என்று நம்பவைக்கின்றன. சர்க்கஸில் உச்சியிலிருந்து விழும்போது அந்த இறகு நழுவிவிடுகிறது. இறகில் மாயம் ஒன்றுமில்லை, ஆற்றல் உன்னிடமே இருக்கிறது என்று எலி கதறுகிறது. தரையைத் தொடவிருந்த கணத்தில் கன்று காதுகளை விரித்து மேலெழுகிறது. உலகம் வியக்கிறது. தாய் விடுதலை பெறுகிறாள். இதுதான் கதை.

இனி, அழகுகளைச் சொல்லுகிறேன்.

முதல் அழகு மௌனம். கதையின் தலைவன் ஒரு சொற்கூடப் பேசுவதில்லை. பேசாத பாத்திரத்தை நடிக்கவைப்பது சித்திரக்காரனுக்குக் கடும் சோதனை. திரையில் ஒரு வினாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன. 64 நிமிடத்துக்குக் கணக்கிட்டால் 92,160 சட்டங்கள். ஒரே ஓவியத்தை இருமுறை படம்பிடிப்பதுண்டு. அப்படிக் கொண்டாலும் பல்லாயிரம் ஓவியங்கள் வேண்டும். அவற்றைத் தாளில் வரைந்து, ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தகட்டில் படியெடுத்து, வண்ணம் தீட்ட வேண்டும். படியெடுத்து வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். இத்தனை கைகளுக்கிடையே ஓர் உயிர் சிதையாமல் நடமாட வேண்டுமானால், அந்த உயிரை முதலில் மனத்தில் கண்டவன் ஒருவன் இருந்தாக வேண்டும்.

அவர்தான் பில் டைட்லா. உக்ரேனியப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 'பேண்டசியா'வில் மலையுச்சியில் சிறகு விரித்து எழும் பேருருவப் பேயை வரைந்தவரும் இவரே. அந்த அச்சத்தை எழுதிய கைதான் இந்த மழலையையும் எழுதிற்று. டைட்லாவின் மகன் அப்பொழுது சிறு குழந்தை. அக்குழந்தை நடக்கும் விதம், நோக்கும் விதம், நாணும் விதம் ஆகியவற்றைக் கண்டு அவற்றையே கன்றுக்குக் கொடுத்தார். ஆகவேதான், தாயின் காலுக்குள் புகுந்து ஒளிந்து விளையாடும்போதும், குளிக்கும்போது நீர்க்குமிழியைக் கண்டு வியக்கும்போதும் நாம் யானையைப் பார்ப்பதில்லை. நம் வீட்டுக் குழந்தையைப் பார்க்கிறோம்.

இரண்டாம் அழகு எளிமை. பின்னணி ஓவியங்கள் பளபளப்பில்லாத நீர்வண்ணத்தில் தீட்டப்பெற்றவை. பிற்காலத்தில் அந்நிறுவனம் இம்முறையைப் பெரிதும் கைவிட்டது. 2002ஆம் ஆண்டில் 'லீலோவும் ஸ்டிட்சும்' என்ற படத்துக்காக மீண்டும் எடுத்துக்கொண்டது. செலவைக் குறைக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே கலைக்கு உதவியாயிற்று. தேவையற்ற அணிகள் இல்லாமையால் கண் நேரே முகத்துக்குச் செல்கிறது, உணர்ச்சிக்குச் செல்கிறது.

மூன்றாம் அழகு கற்பனைத் துணிவு. மது மயக்கத்தில் இருப்பவர்க்கு இளஞ்சிவப்பு யானைகள் தோன்றும் என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்கையே ஒரு கனவுக் காட்சியாக விரித்தார்கள். ஒரு யானை இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, துதிக்கை எக்காளமாகிறது, உடல்கள் ஒன்றோடொன்று கலந்து வேறு உருக்களாகின்றன, கருமையான வெளியில் வண்ணங்கள் நடனமிடுகின்றன. கதைக்கு இது இவ்வளவு நீளம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம்தான். சிறு குழந்தைகள் சிலர் இக்காட்சியில் அஞ்சுவதும் உண்டு. ஆயினும், சித்திரப் படத்தால் மட்டுமே செய்யக்கூடியது எது என்று யாரேனும் கேட்டால் இக்காட்சியைக் காட்டலாம்.

இசையையும் மறந்துவிடக் கூடாது. பிராங்க் சர்ச்சில், ஆலிவர் வாலஸ் ஆகிய இருவருக்கும் இப்படத்தின் இசைக்காக ஆஸ்கார் பரிசு கிடைத்தது. நான் முதலிற் சொன்ன தாலாட்டும் அப்பரிசுக்குரிய பாடல்களின் பட்டியலில் இடம்பெற்றது. 1947ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவிலும் இப்படம் பரிசு பெற்றது.

இவ்வளவும் அழகு. இனிக் குறைகளுக்கு வருவோம்.

படம் தயாராகிக்கொண்டிருந்த 1941ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், அந்தக் கலைக்கூடத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரே வேலைக்கு வேறுவேறு ஊதியம் என்ற மனக்குறை. உழைத்தவர் பெயர் திரையில் வருவதில்லை என்ற மனக்குறை. தொழிற்சங்கத்தை நிருவாகம் ஏற்கவில்லை என்ற மனக்குறை. நூற்றுக்கணக்கான ஓவியர்கள் வாயிலில் நின்றனர். கன்றுக்கு உயிர் கொடுத்த பில் டைட்லாவும் அவர்களோடு நின்றார். அரசின் நடுவர்கள் தலையிட்ட பின்னரே பிணக்குத் தீர்ந்தது.

இப்பொழுது படத்தில் ஒரு காட்சியைப் பாருங்கள். கோமாளிகள் கூடாரத்துக்குள் உடை மாற்றுகிறார்கள்; துணிச்சுவரில் அவர்களுடைய நிழல்கள் தெரிகின்றன. இன்னும் உயரத்திலிருந்து கன்றைக் குதிக்க வைத்தால் இன்னும் சிரிப்பு மிகும் என்று திட்டமிடுகிறார்கள். யானைக்கு வலிக்காதா என்று ஒருவன் கேட்க, யானைக்கு ஏது உணர்ச்சி என்று மற்றவர்கள் தள்ளிவிடுகிறார்கள். பிறகு, முதலாளியிடம் கூலி உயர்வு கேட்போம் என்று பாடிக்கொண்டு போகிறார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களை எள்ளி நகையாடவே இக்காட்சி அமைந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையானால், தாயின் துதிக்கையை வரைந்த கலைஞர் வாயிலில் நின்றுகொண்டிருந்த அதே ஆண்டில், அவர் கேட்ட நியாயம் கோமாளியின் கூச்சலாக அவர் உழைத்த படத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. கொட்டும் மழையில், இருளில், சர்க்கஸ் கூடாரத்தை நாட்டும் காட்சி. படத்தின் மிகச் சிறந்த ஓவியங்கள் சில அதில் இருக்கின்றன. யானைகளும் மனிதர்களும் தோளோடு தோள் நின்று உழைக்கிறார்கள். அம்மனிதர்கள் கறுப்பினத்தவர். ஆனால் அவர்களுக்கு முகம் வரையப்படவில்லை! கண்ணும் மூக்கும் வாயும் இல்லாத உருவங்களாகவே அவர்கள் வந்துபோகிறார்கள். அவர்கள் பாடுவதாக வரும் பாட்டோ, தாங்கள் எழுத்தறியாதவர் என்றும், கிடைத்த கூலியை வீணே வீசியெறிபவர் என்றும் அவர்களையே சொல்லவைக்கிறது. விலங்குகளுக்கெல்லாம் தனித்தனி முகமும் குணமும் கொடுத்த ஓவியர்கள், அந்த மனிதர்களுக்கு அதைக் கொடுக்க மறந்தார்கள்.

அடுத்து, காகங்கள். அவை அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சு, நடை, பாட்டு ஆகியவற்றைப் போலச் செய்து வரையப்பெற்றவை. காகத் தலைவனுக்குத் தயாரிப்பின்போது இட்ட பெயர் 'ஜிம் க்ரோ'. படத்துக்குள் இப்பெயர் சொல்லப்படுவதில்லை. ஆங்கிலத்தில் 'க்ரோ' என்றால் காகம். ஆனால் பெயர் அத்தோடு நிற்பதன்று. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளை நடிகர்கள் முகத்திற் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடை வேடத்தின் பெயர் அது. பின்னர் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரைத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்று ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கே அப்பெயர் நின்றது. படம் வெளிவந்தபோது அச்சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. அவற்றின் முதுகெலும்பை முறித்த குடியுரிமைச் சட்டம் 1964ஆம் ஆண்டில்தான் வந்தது. காகத் தலைவனுக்குக் குரல் கொடுத்த கிளிப் எட்வர்ட்ஸ் வெள்ளையர். மற்றக் காகங்களுக்குப் பெரும்பாலும் ஹால் ஜான்சன் குழுவைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர்கள் குரல் கொடுத்தனர்.

இங்கே நாம் நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கதையிற் கன்றுக்கு உதவுகிறவர்கள் யார்? உடனிருந்த யானைகள் அல்ல. சர்க்கஸ் தலைவன் அல்ல. முதலில் சிரித்துவிட்டு, அதன் துயரத்தைக் கேட்டதும் நாணி, உள்ளம் கரைந்து, பறக்கக் கற்றுக்கொடுப்பவை காகங்களே. படத்தில் மிகுந்த அறிவும் நகைச்சுவையும் அன்பும் உடைய கூட்டம் அதுதான். அதனாற் காகங்களை அவமதிப்பாகக் கொள்ள வேண்டா என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதத்திலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், ஒருவனுக்கு நல்ல பாத்திரம் கொடுப்பது வேறு. அவனுடைய இனத்தை வேடமாக அணிந்துகொள்வது வேறு. காகங்கள் கனிவுடையவை என்பதனால், கூடாரம் நாட்டியவர்களுக்கு முகம் வந்துவிடாது.

மூன்றாவது குறை கதையின் அடித்தளத்திலேயே இருக்கிறது. கன்றை இகழ்ந்த உலகம் எப்பொழுது திருந்துகிறது? அது பறந்த பிறகு! அதன் காதுகளுக்குப் பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்கிறார்கள், செய்தித்தாள்கள் புகழ்கின்றன, போர் விமானங்களுக்குக்கூட அது மாதிரியாகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் பழமொழி. இங்கே பறந்தால் ஆயிரம் பொன், பறவாவிட்டால் ஏளனம். தாய் விடுதலை பெறுவதும் அவள்மீது சுமத்திய பழி பொய் என்று எவரும் உணர்ந்ததனால் அன்று. மகன் புகழ் பெற்றதனால்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் இத்தகைய ஒருவன் இருக்கலாம். நாக்குத் திக்குகிறவனாக இருக்கலாம். கால் ஊனமுற்றவளாக இருக்கலாம். அவர்களெல்லாரும் ஒருநாள் பறந்து காட்டினால்தான் அவர்களை மதிப்பீர்களா? பறவாத டம்போக்கள் எத்தனையோ பேர். இந்தக் கேள்வியைப் படம் வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஆனால் பார்க்கின்ற நாம் கேட்காமல் இருக்க முடியாது.

விடையும் படத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு. பறப்பதற்கு முன்பே அந்தக் கன்றை நேசித்தவர்கள் இருவர். ஒருத்தி தாய், மற்றொன்று சுண்டெலி. தாய்க்கு அந்தக் காது ஒரு குறையாகவும் படவில்லை, சிறப்பாகவும் படவில்லை. அது தன் குழந்தையின் காது, அவ்வளவே. படத்தின் முடிவு பறப்பதைக் கொண்டாடுகிறது. ஆனால் நம் நெஞ்சில் தங்கிவிடுவது முடிவு அன்று. கூண்டுக்குள்ளிருந்து நீண்ட துதிக்கைதான். கதை ஒன்றைச் சொல்ல, கலை அதனினும் உயர்ந்த வேறொன்றைச் சொல்லிவிட்டது.

விலங்குகளைப் பற்றியும் ஒரு சொல். களிறு, பிடி, கன்று என்று தனித்தனிப் பெயர் சூட்டி யானையைப் பாடிய மொழி நம்முடையது. ஆதலின் யானையின் இயல்பை நாம் சற்று எண்ணலாம். காட்டில் யானைக் கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பிடி. கன்று ஒன்று பிறந்தால் தாயோடு மற்றப் பிடிகளும் சூழ்ந்து நின்று காக்கின்றன. படத்தில் வம்பளக்கும் பிடிகள் உண்மையில் யானைகள் அல்ல. யானைத்தோல் போர்த்த மனிதர்கள். கன்றைப் பிரித்ததும், தாயைக் கட்டியதும், கூத்தாட வைத்ததும் மனிதர் செயலே. சவுக்கையும் சங்கிலியையும் காட்டிய படம், சர்க்கஸே வேண்டுமா என்று கேட்கத் துணியவில்லை. தாய்க்குத் தனி ரயில்பெட்டி கிடைத்ததோடு மனநிறைவு கொண்டது. உலகம் அக்கேள்வியைப் பின்னர்க் கேட்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ரிங்லிங் சகோதரர் சர்க்கஸ் 2016ஆம் ஆண்டில் யானை வித்தைகளை நிறுத்தியது. டிம் பர்ட்டன் 2019ஆம் ஆண்டில் இக்கதையை நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்தபோது, தாயும் கன்றும் காட்டுக்குத் திரும்புவதாக முடித்தார். அந்தப் படத்தில் பழைய படத்தின் எளிமை இல்லை; ஆனால் முடிவில் அறம் இருக்கிறது.

அப்படியானால் பழைய படத்தை என்ன செய்வது? குறையுள்ள காட்சிகளை வெட்டி எறிந்துவிடலாமா? அல்லது, அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

இரண்டும் எனக்கு உடன்பாடு அல்ல. வெட்டி எறிந்தால், இப்படி ஒரு தவறு நடந்தது என்பதையே நம் பிள்ளைகள் அறியமாட்டார்கள். அந்தக் காலம் அப்படி என்று தள்ளிவிட்டாலோ, முகமின்றி வரையப்பட்டவர்களும் அதே காலத்தில் வாழ்ந்தவர்கள்தாம், அவர்களுக்கும் அப்பொழுதே நெஞ்சு நொந்திருக்கும் என்பதை மறந்தவர் ஆவோம். 2017ஆம் ஆண்டில் இப்படம் அமெரிக்க நாட்டின் போற்றிக் காக்கத்தக்க திரைப்படங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டில், படத்தை வெளியிட்ட நிறுவனமே சில இனத்தவரைத் தவறாகச் சித்திரிக்கும் காட்சிகள் இதில் உண்டு என்ற குறிப்பைத் தன் இணையத் திரையில் படத்துக்கு முன்னே வைத்தது. ஒரே படத்துக்குப் பாராட்டும் எச்சரிக்கையும்! இவற்றை முரண்பாடு என்று நான் கருதவில்லை. இரண்டும் சேர்ந்தாற்றான் உண்மை.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். தாத்தாவின் மடியில் வளர்ந்தோம்; அவர் சொன்ன கதைகளால் நெஞ்சு நிறைந்தோம். வளர்ந்த பின், அவர் சிலரைப் பற்றிப் பேசுவது சரியன்று என்று அறிகிறோம். அதற்காக அவரை வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அவர் சொன்னதெல்லாம் சரி என்று தலையாட்டுவதும் இல்லை. அவர் தந்த அன்பை வைத்துக்கொண்டு, அவர் செய்த பிழையை நாம் செய்யாமல் விடுகிறோம். பழைய கலைக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.

ஆகவே, வாய்ப்புக் கிடைத்தால் 'டம்போ'வைப் பாருங்கள். தம்பி தங்கையரையும் உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். கூடாரம் நாட்டும் காட்சி வரும்போது, இவர்களுக்கு ஏன் முகம் இல்லை என்று அச்சிறுவர்கள் கேட்டால், பேச்சை மாற்றாமல் விடை சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். கோமாளிகள் நகைக்கும்போது, வாயிலில் நின்ற ஓவியரை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு, கூண்டுக் கம்பிகளுக்கிடையே அந்தத் துதிக்கை நீளும் காட்சி வரும். அப்பொழுது ஒன்றும் பேச வேண்டா. கண்ணில் நீர் வந்தால் வரட்டும்.